ஆட்டுக்காரர் கை காட்டினால் லாரி நிற்க வேண்டும்: சாலைச் சட்டத்தில் பலர் அறியாத பக்கங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 132-ஆவது பிரிவு, ஆடு மேய்க்கிறவருக்கு ஓர் அதிகாரம் தருகிறது. வருகிற வண்டியைக் கண்டு தன் கால்நடை மிரண்டு கைமீறிவிடும் என்று அவருக்குத் தோன்றினால், வண்டியை நிறுத்தச் சொல்லலாம். ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும். தேவையான நேரம்வரை நின்றும் ஆக வேண்டும். லாரியா, அரசுப் பேருந்தா, ஷூ கம்பெனிக்கு ஆளேற்றிப் போகிற வேனா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை அடிவாரம் நோக்கிப் போகும் சாலைகளில், பொழுது சாயும் நேரத்தில் மந்தை திரும்பும்போது, இந்தப் பிரிவு அன்றாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோலை உயர்த்துகிறவரும் சரி, பிரேக்கை மிதிக்கிறவரும் சரி, அதை ஊர் வழக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கால்நடை என்றால் எவை என்பதையும் அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது: குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு. எட்டே எட்டு. நாய் இல்லை, பன்றி இல்லை, பூனையும் இல்லை. அதே 1988-இல் பிரிட்டன் இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170-ஆவது பிரிவிலும், விபத்தைத் தெரிவிக்கும் கடமையை ஒட்டி, எட்டு விலங்குகளின் பட்டியல் ஒன்று உண்டு: குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு, பன்றி, நாய். இரண்டிலும் ஆறு பொது. அங்கே பன்றியும் நாயும் நிற்கிற இடத்தில் இங்கே யானையும் ஒட்டகமும் நிற்கின்றன. கோயில் யானையை நடத்திச் செல்லும் பாகன் கை காட்டினால் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியும் நிற்க வேண்டும். வளர்ப்பு நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவருக்கு அந்த உரிமை இல்லை.

இது சட்டம் எழுதியவர்களின் விசித்திரக் கற்பனையில் பிறந்ததல்ல. 1865-இல் இங்கிலாந்தில் நீராவி இழுவண்டிகளுக்காக ஒரு சட்டம் வந்தது. வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல், அதற்கு மேல் போகக் கூடாது. அந்தச் சட்டம் கொடிச் சட்டம் என்ற பெயரில் கேலிக்கு ஆளானது. ஆனால் அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு வரி இருந்தது: குதிரையோடு வருகிற எவரும் கையை உயர்த்தினால் இழுவண்டி உடனே நிற்க வேண்டும். கொடிக்காரர் 1896-இல் மறைந்தார். கை உயர்த்தும் உரிமையோ கடல் தாண்டி வந்து, 1939-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 87-ஆவது பிரிவாகி, 1988-இல் 132 ஆனது. 1939-இல் இந்தியச் சாலையில் மோட்டார்தான் விருந்தாளி. மாட்டு வண்டிதான் வீட்டுக்காரர். விருந்தாளி ஒதுங்கி நிற்பதே முறை என்று சட்டம் கருதியதில் வியப்பில்லை.

அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு இன்னும் குறைவாக அறியப்பட்டது. ஓர் ஓட்டுநர் அபாயகரமாக ஓட்டினார் என்று கருதும் எவரும், முதலில் தம் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு, ஓட்டுநரின் பெயரையும் முகவரியையும் கேட்கலாம். கேட்டால் சொல்ல வேண்டும். காக்கிச் சட்டை தேவையில்லை. இந்த உரிமையைச் சாலையோரத்தில் நின்று பயன்படுத்துவது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி.

விபத்து நடந்தபின் ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் சொல்லும் 134-ஆவது பிரிவிலும் நாட்டு நடப்பை அறிந்த ஒரு சொல் இருக்கிறது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டுநர் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். கூடியிருப்போரின் ஆத்திரத்தாலோ தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் மட்டும் விலக்கு. அடி விழும் என்று ஓடுகிற ஓட்டுநரை, அருகிலுள்ள காவல் நிலையத்துக்காவது போய்ச் சொல் என்று சட்டம் பணிக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 134-அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவிக்கு வருகிற மூன்றாவது மனிதருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

சட்டத்தில் ஆளே இல்லாமல் நிற்கிற பிரிவு 131. ஆளில்லா ரயில்வே கேட்டை நெருங்கும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ கிளீனரோ வண்டியில் உள்ள வேறு யாரோ இறங்கி, தண்டவாளம்வரை நடந்து போய், இரு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்து, பிறகு வண்டியை வழிநடத்திக் கடக்க வைக்க வேண்டும். கூட ஆள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். 1989-இன் ரயில்வே சட்டம் இதற்குப் பின்பலம்: நின்று பார்க்காமல் அப்படிப்பட்ட கேட்டைக் கடப்பதே 161-ஆவது பிரிவின்படி அலட்சியம், ஓராண்டுவரை சிறை. ரயில் மோதியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

கிளீனர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு ‘ரைட், ரைட்’ என்று கையசைக்கும் காட்சியை ஜோலார்பேட்டை வட்டாரத்தில் வயதானவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். அகல ரயில் பாதைகளில் இருந்த ஆளில்லா கேட்டுகள் அனைத்தும் அகற்றப்பட்டுவிட்டதாக 2019 ஜனவரியில் ரயில்வே அறிவித்தது. சுரங்கப்பாதையும் மேம்பாலமும் வந்தன, கேட்கீப்பர்கள் வந்தார்கள். பிரிவு மட்டும் காத்திருக்கிறது.

டீக்கடை வாசலில் தினமும் மீறப்படுவது 126-ஆவது பிரிவு. பொது இடத்தில் வண்டி நிற்கும்போது, லைசென்ஸ் உள்ள ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், பிரேக் போட்டிருக்க வேண்டும். இன்ஜினை உறும விட்டுவிட்டு, ‘ரெண்டே நிமிஷம்’ என்று இறங்கி டீ குடிப்பது குற்றம். பழைய லாரிகளில் பேட்டரி இறங்கிவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்ற பயம் ஓட்டுநர்களுக்கு உண்டு. சரிவில் நின்ற வண்டி தானாக உருண்ட கதைகளும் உண்டு. சட்டம் இரண்டாவது கதையை மனதில் வைத்து எழுதப்பட்டது. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியைச் சீருடை அணிந்த காவலர் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம் என்கிறது அடுத்த பிரிவு.

120-ஆவது பிரிவு, ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டிகளைப் பற்றியது. அவற்றில் வேலை செய்யும் மின் அல்லது இயந்திர சமிக்ஞைக் கருவி இல்லாவிட்டால் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. காரணம் புரிய வேண்டுமென்றால் கை சமிக்ஞையை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்து வலக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார். உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைகிறது. நேராக நீட்டினால் வலப்பக்கம் திரும்பப் போகிறார். கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றினால் இடப்பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்தவர் கையை நீட்டினால் அது சாலையோரத்து வேலிக்கு மட்டும்தான் தெரியும். இன்டிகேட்டர் இல்லாத வண்டியே இன்று விற்பனைக்கு வருவதில்லை. ஆனாலும் கை சமிக்ஞைகள் லைசென்ஸ் தேர்வில் இருக்கின்றன. மலைப்பேருந்து ஓட்டுநர் பின்னால் வருகிற பைக்கைப் போகச் சொல்லிக் கையை முன்னும் பின்னும் வீசுவதும் ஓயவில்லை.

மலைச்சாலை என்றால் இன்னொரு விதி. ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் குறுகலான இடத்தில் சந்தித்தால், இறங்குகிறவர் ஒதுங்கி ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பக் கிளட்சும் இன்ஜினும் படும் பாடு இதன் பின்னணி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், விடுமுறை நாளில், மேலிருந்து இறங்கும் கார்கள் ஹாரனை அடித்துக்கொண்டு முந்திக்கொள்வதைப் பார்த்தால், இந்த விதி சமவெளியிலிருந்து வருகிறவர்களின் காதுக்கு எட்டவே இல்லை என்று தெரியும். காவலூர் வானாய்வகத்துக்கு ஏறும் சாலையிலும் இதே முறைதான்.

ஹாரனுக்கும் இலக்கணம் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆவது விதிப்படி, பல சுரங்கள் அடுத்தடுத்து ஒலிக்கும் ஹாரன் கூடாது. காதைக் கிழிக்கும், மிரட்டும் ஓசையும் கூடாது. தனியார் பேருந்துகளின் நாதஸ்வர பாணி ஏர் ஹாரன்கள் ஒவ்வொன்றும் இந்த விதியை ராகம் போட்டு மீறுகின்றன. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய் என்று 2019 திருத்தம் தனிப்பிரிவே வைத்தது.

இருசக்கர வாகனத்துக்கான 123-ஆவது விதியில் ஒரு புடவை மறைந்திருக்கிறது. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது விதி. கைப்பிடியும் கால்வைப்பும் அதே விதியின் கீழ் கட்டாயம். மெக்கானிக்குகள் ‘சேலை கார்டு’ என்று சொல்கிற அந்த இரும்பு வளைவு, உதிரி அலங்காரம் அல்ல. புது பைக் எடுத்த இளைஞர்கள் முதல் வாரத்திலேயே கழற்றிப் போடுவது அதைத்தான். துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு நேர்ந்த விபத்துகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி கம்பெனிகளில் வேலை முடிந்து அண்ணன், தம்பி, கணவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பும் பெண்கள் இத்தனை பேர் உள்ள வட்டாரத்தில், பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடக்க வேண்டிய பொருள் அல்ல அது.

138-ஆவது விதியில் வாடிக்கையாளருக்குச் சாதகமான ஒரு வரி இருக்கிறது: இருசக்கர வாகனம் விற்கப்படும்போதே, இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் வழங்க வேண்டும். பலர் அதை ஷோரூமின் பரிசு என்று நினைத்து நன்றி சொல்கிறார்கள்.

வயது விஷயத்தில் ஒரு விதிவிலக்கு செத்துப்போய்க் கிடக்கிறது. பொதுவாக 18 வயது நிறைந்தால்தான் ஓட்டலாம். சரக்கு, பயணிகள் வாகனத்துக்கு 20. ஆனால் 50 சிசிக்கு மேற்படாத இன்ஜின் உள்ள இருசக்கர வாகனத்தை 16 வயதிலேயே ஓட்டலாம் என்கிறது 4-ஆவது பிரிவு. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த காலத்துக்கு அது பொருத்தமான அளவு. அதன் வாரிசான எக்ஸ்எல் 100-இன் இன்ஜின் கிட்டத்தட்ட 100 சிசி. பெயரும் உருவமும் சந்தைக்குக் கீரைக்கட்டு ஏற்றிப் போகிற பழைய மொபெட்தான். சட்டத்தின் கண்ணில் அது பதினாறு வயதுப் பையனுக்கானது அல்ல. சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் 199-அ பிரிவின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி: 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டுவரை சிறை, ஓராண்டுக்குப் பதிவு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

எது மோட்டார் வாகனம் என்பதே சில இடங்களில் வழுக்கும். நான்குக்குக் குறைந்த சக்கரமும் 25 சிசிக்கு மேற்படாத இன்ஜினும் கொண்டது மோட்டார் வாகனம் அல்ல. 250 வாட்டுக்குக் குறைந்த திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின்வண்டிக்கும் பதிவு தேவையில்லை. தொழிற்சாலைக்குள் மட்டும் ஓடத் தகவமைக்கப்பட்ட சிறப்பு வண்டிகளும் விலக்கு. தோல் தொழிற்சாலை வளாகத்துக்குள் ஈரத்தோல் அடுக்கைத் தூக்கிப் போகும் ஃபோர்க்லிஃப்ட் அப்படிப்பட்டது. எதிர்ப்பக்கக் குடோனுக்குப் போகச் சாலையைக் குறுக்கே கடந்தால் அந்தச் சலுகை கேள்விக்குள்ளாகிறது.

தோல் தொழில் வட்டாரத்தில் அதிகம் பேர் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று 2015-இல் சேர்க்கப்பட்டது: 125-E. கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனியாக நிரந்தரத் தடுப்பு இருக்க வேண்டும். மாடு, எருமைக்கு 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25, செம்மறி, வெள்ளாட்டுக்கு 0.3, பன்றிக்கு 0.6. அப்படிப்பட்ட வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் சிறப்பு அனுமதியும் வேண்டும். 0.3 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய மூன்றடி நீளம், ஓரடி அகலம். ஐந்தடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட ஒரு சிறு சரக்கு ஆட்டோவின் தளத்தில் இந்தக் கணக்குப்படி பன்னிரண்டு ஆடுகள்தான் நிற்கலாம். சந்தை முடிந்து கிளம்பும் வண்டிகளில் எத்தனை தலைகள் தெரிகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், விதிக்கும் சந்தைக்கும் உள்ள தூரம் விளங்கும்.

அதே சரக்கு வண்டியில் மனிதர் ஏறினால் விவகாரம் வேறு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் துக்கத்துக்கும் ‘குட்டி யானை’யில் உறவுக்கூட்டம் போவது வட்டார வழக்கம். அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. 1994 திருத்தத்துக்குப் பின், 147-ஆவது பிரிவின் கட்டாயக் காப்பீடு சரக்கு வண்டியில் வருகிற சரக்கின் உரிமையாளரையும் அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியையும் சேர்த்துக்கொள்கிறது. சும்மா ஏறி வருகிறவர்களைச் சேர்ப்பதில்லை. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஆஷா ராணிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆக, ஆட்டோடு வருகிற ஆட்டு வியாபாரி சட்டத்தின் கண்ணில் பயணத்துக்கு உரியவர். சீர்த்தட்டோடு வருகிற தாய்மாமன் அப்படியல்ல. வண்டி கவிழ்ந்தால் இழப்பீட்டுச் சுமை பெரும்பாலும் வண்டி உரிமையாளரின் தலையில் விழும்.

லைசென்ஸைப் பறிக்கக்கூடிய செயல்களை 21-ஆவது விதி வரிசையாக அடுக்குகிறது. வண்டித் திருட்டு, ஆள் கடத்தல், குடிபோதை ஆகியவற்றுக்கு நடுவே எதிர்பாராத சில இருக்கின்றன: பயணிகளிடம் மரியாதைக் குறைவாக நடப்பது, பொதுப் போக்குவரத்து வண்டியை ஓட்டும்போது புகைப்பது, வாடகை வண்டிக்காரர் முதலில் வந்த சவாரியைத் தூரம் பார்த்து மறுப்பது, தக்க காரணமின்றிச் சுற்றுவழியில் போவது, போராட்டத்தின் அடையாளமாக வண்டியைப் பொது இடத்தில் விட்டுவிட்டுப் போவது. பேருந்து நிலையத்தில், ‘அவ்ளோ தூரம் வராதுங்க’ என்று தலையாட்டும் ஆட்டோக்காரரும் இந்த வரிசையில் ஆள் கடத்துபவருக்குப் பக்கத்தில் நிற்கிறார். மறுப்புக்குத் திரும்பும் சவாரி கிடைக்காது என்ற நியாயம் அவருக்கு உண்டு. விதி அதைக் கேட்பதில்லை.

நம்பர் பிளேட்டிலும் ஒரு முள் இருக்கிறது. பதிவெண்ணின் எழுத்துகள் ஆங்கிலத்திலும் எண்கள் சர்வதேச வடிவத்திலும் இருக்க வேண்டும் என்பது 50-ஆவது விதி. ‘தநா’ என்று அழகுத் தமிழில் எழுதிய பலகை மொழிப்பற்றைக் காட்டலாம். சட்டத்தின்படி அது நம்பர் பிளேட் ஆகாது. ராணுவ வண்டிகளின் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி இருப்பது, 60-ஆவது பிரிவின் கீழ் அவற்றுக்குத் தனிப் பதிவு முறை இருப்பதால்.

இல்லாத சட்டங்களும் உலவுகின்றன. 2019 செப்டம்பரில் அபராதங்கள் உயர்ந்தபோது, செருப்பு போட்டு ஓட்டினால் அபராதம், லுங்கி கட்டி ஓட்டினால் அபராதம், அரைக்கைச் சட்டைக்கும் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே அப்படி ஏதும் இல்லை என்று விளக்கம் சொல்ல நேர்ந்தது. காலணி தைத்து உலகுக்கு அனுப்பும் ஊர்களில் செருப்புக்கால் ஓட்டுநர்கள் கொஞ்ச காலம் கலங்கியதுதான் மிச்சம். வாடகை, பயணிகள் வண்டி ஓட்டுநர்களுக்கான சீருடை மட்டும் உண்மையான விதி.

அயல்நாடுகளிலும் இப்படிப்பட்டவை உண்டு. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நன்கு தெரிந்தது பெட்ரோல் டேங்க் சட்டம். சிங்கப்பூரில் பதிவான கார் ஜொகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் போகும்போது டேங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். 1989-இல் பாதி டேங்க் என்று தொடங்கி 1991-இல் முக்கால் ஆனது. அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு. காலி டேங்கோடு போய் நிரப்பிக்கொண்டு வந்தால் சிங்கப்பூருக்கு வரி நட்டம். அபராதம் 500 வெள்ளிவரை. ஜப்பானில், தேங்கிய நீரை வாரி இறைத்து நடந்து போகிறவரை நனைக்காமல் ஓட்டுவது ஓட்டுநரின் சட்டக் கடமை. ஆலங்காயம் கடைத்தெருவில் ஐப்பசி மழைக்கு வெள்ளை வேட்டியில் போகிறவர்கள் அந்த விதியை இறக்குமதி செய்யச் சொல்வார்கள்.

இந்தியப் பிரிவுகளில் பலவற்றுக்குத் தனித் தண்டனை எழுதப்படவில்லை. அவற்றையெல்லாம் 177-ஆவது பிரிவு பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. நெடுங்காலம் அது முதல் தடவைக்கு 100 ரூபாய், அடுத்த தடவைகளுக்கு 300 ரூபாய் என்று இருந்தது. 2019 திருத்தம் 500, 1,500 ஆக்கியது. தமிழ்நாடு உயர்ந்த அபராதங்களை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆட்டுக்காரர் கை காட்டியும் நிற்காமல் போகிற ஓட்டுநர் இந்தப் பொதுப் பிரிவுக்குள்தான் வருகிறார்: முதல் தடவை 500 ரூபாய்வரை.